ஊர்ப் பெயரை ஏன் விழுங்க வேண்டும்?

பெருநகரங்களில் வாடகை வீடு தேடிச் செல்லும் நம் பிள்ளைகளிடம் வீட்டு உரிமையாளர் முதலில் பெயரைக் கேட்கிறார். அடுத்து ஊரைக் கேட்கிறார். கீழக்கரை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நம் பிள்ளை, "ராமநாதபுரம் பக்கம்" என்கிறான். காயல்பட்டினத்துப் பிள்ளை "திருச்செந்தூருக்கு அருகில்" என்கிறான். மேலப்பாளையத்துப் பிள்ளைக்குத் "திருநெல்வேலி" என்ற ஒரு சொல்லே போதுமானதாகி விடுகிறது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் பிறந்த ஊரின் பெயர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இந்தத் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருவர் செய்த குற்றம், அவர் முஸ்லிமாக இருந்துவிட்டால், அவருடைய தெருவின் மீதும் ஊரின் மீதும் ஏற்றப்படுகிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நோய்த்தொற்றுக்கே மதச்சாயம் பூசப்பட்டதைக் கண்டோம். அதே பெருந்தொற்றுக் காலத்தில், சொந்த உறவுகளே நெருங்க அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தவர்களில் நம் இளைஞர்களும் இருந்தார்கள். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்களின் கதவுகள் அனைவருக்கும் திறந்திருந்தன. பழி ஊர் ஊராகப் பரவியது. நன்மையோ அதைக் கண்டவர்களோடு நின்றுவிட்டது. நம்மைப் பற்றி நாமே பேசாதிருந்தால், நம்மை அறியாதவர்களே நம்மைப் பற்றிப் பேசுவார்கள்.

பிறந்த மண்ணை நேசிப்பது ஈமானுக்குக் குறைவு என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. நாற்பது வயதுக்குப் பின் நபித்துவமும், பதின்மூன்று ஆண்டுகள் துன்பமும் கண்ட மக்காவை விட்டு வெளியேறும்போது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த நகரைத் திரும்பி நோக்கி, தம் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் தாம் அதைவிட்டுச் சென்றிருக்க மாட்டோம் என்று மனம் வருந்தினார்கள். மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள், தம்மை வதைத்த அதே மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் நறும்புல்லையும் நினைத்து ஏங்கினார்கள். இவை ஆதாரப்பூர்வமான நபிமொழித் தொகுப்புகளில் உள்ள செய்திகள்.

அதேவேளை, நாட்டுப்பற்று ஈமானின் ஒரு பகுதி என்று நபிமொழியாகச் சொல்லப்படும் வாசகம் இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். ஊரை நேசிக்க அப்படியோர் ஆதாரமற்ற வாசகம் நமக்குத் தேவையில்லை. தன் கூட்டத்தார் அநீதியில் இருக்கும்போது அவர்களுக்குத் துணைநிற்பதே இனவெறி என்று நபியவர்கள் விளக்கிய எல்லையும் நமக்குத் தெரியும். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே பெருமையோடு பேச நம்மிடம் நிறைய இருக்கிறது.

முதலில் நம் வீட்டு மொழி. சலாத்தைத் தொழுகை என்றோம். ஸவ்மை நோன்பு என்றோம். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றோம். ஈதைப் பெருநாள் என்றோம். குழம்பு இன்றும் நம் வீடுகள் பலவற்றில் ஆணம்தான். காலை உணவு உண்பது பசியாறுதல்தான். நம்மை வந்தேறிகள் என்போருக்கு நம் அடுக்களையே மறுமொழி சொல்லும்.

அடுத்து நம் இலக்கியம். உமறுப் புலவர் எட்டயபுரத்து அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். அவர் பாடிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. அதற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றனர். ஒரு முஸ்லிம் புலவருக்கு ஓர் இந்து ஆசான் தமிழ் கொடுத்தார். அந்தத் தமிழ் நபிகளாரின் வரலாறாக மலர்ந்தது. முஸ்லிம் பெண்கள் படிப்பறியாதவர்கள் என்போரிடம் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரைச் சொல்லலாம். அவருடைய "காதலா கடமையா" நாவல் 1938இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்.

பெருமையைச் சொல்லும்போது குறையை மறைக்கவும் கூடாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்கிறான். பெண் தன் தாயருகில், தன் சொந்தக் கூரையின் கீழ் வாழ்கிறாள் என்பது சிறப்பு. அதே வழக்கம், நாலு பெண்மக்களைப் பெற்ற தகப்பனை வெளிநாட்டிலேயே முதுமை எய்தச் செய்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவனையே கேட்பவர் நம்புவார். குறையே இல்லாத ஊரைப் பற்றிப் பேசினால் அதை விளம்பரம் என்றுதான் கொள்வார்கள்.

ஆகவே, வீட்டிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு குடும்பமும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்று, பழைய பள்ளிவாசலின் கல்தூண்களைக் காட்டட்டும். வாப்பும்மாவும் உம்மம்மாவும் பேசும் சொற்களை, அவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும். நோன்புக் கஞ்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, அந்தக் கஞ்சி எந்த ஊர்ப் பக்குவம் என்பதையும் சொல்லட்டும். அண்டை வீட்டாரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துக் காட்டட்டும். நம்மைப் பற்றி ஒரு நல்ல அறிமுகம் உள்ளவரிடம் பத்து அவதூறுகள் எளிதில் எடுபடா.

இதனால் நாளையே எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதற்காக ஒரு வீடு மறுக்கப்படலாம். அந்த இழப்பு நம் பிள்ளையுடையது. அறிவுரை சொல்லும் நாம் அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் ஊரை மறைத்துப் பெற்ற வீட்டில், ஊரிலிருந்து வரும் உம்மாவையும் வாப்பாவையும் அவன் எத்தனை நாள் மறைத்து வைப்பான்?

மக்காவுக்காக இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் அபயத்தையும் உணவையும் கேட்டார்கள். நம்பிக்கை கொண்டோருக்கென அவர்கள் கேட்டதை, நம்பாதோருக்கும் இவ்வுலகில் வழங்குவதாக இறைவன் விடையளித்தான். ஊர் என்பது அதில் வாழும் அனைவருக்கும் உரியது என்ற பாடம் அதில் இருக்கிறது. நம் ஊர்களையும், அவற்றில் நம்மோடு வாழும் எல்லா மக்களையும் அல்லாஹ் அமைதியில் வைப்பானாக. அடுத்த முறை யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், ஊர்ப் பெயரையே சொல்வோம்.