ஜே லீக் அரங்குகள்: தலைகளை எண்ணினால் போதுமா?

ஜப்பானியத் தொழில்முறை உதைபந்தாட்ட அமைப்பான ஜே லீக், 2024 ஆம் ஆண்டின் முடிவில் ஒரு சாதனையைப் பறைசாற்றியது. அவ்வாண்டு அரங்குகளுக்கு வந்தோரின் மொத்தத் தொகை 1 கோடியே 25 இலட்சத்தைத் தாண்டியது. 1993 இல் லீக் தொடங்கிய நாள்முதல் அதுவரையில் அதுவே அதிகூடிய தொகையாக இருந்தது. பெருந்தொற்றின் பாதிப்பு முற்றாக நீங்கிவிட்டதென்று முடிவு கட்டுவதற்குப் பலருக்கு இந்த ஒரு தொகையே போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

மொத்தத் தொகை எதையும் மூடவல்ல போர்வை என்பது ஆசிரியபீடங்களில் காலங் கழித்த எவருக்கும் தெரியும். 2019 இல் ஜே லீக்கின் முதற்பிரிவில் 18 கழகங்கள் 306 போட்டிகளில் ஆடின. 2024 இல் 20 கழகங்கள் 380 போட்டிகளில் ஆடின. மேலதிகமாக 74 போட்டிகளை நடத்திவிட்டு மொத்தக் கூட்டம் பெருகியதென்று மகிழ்வதில் என்ன வியப்பு இருக்கிறது? ஒரு போட்டிக்கான சராசரியைப் பாருங்கள். முதற்பிரிவில் 2019 இல் 20,751. 2024 இல் 20,355. சாதனை என்று கொண்டாடப்பட்ட ஆண்டிலும் முதற்பிரிவின் சராசரி, தொற்றுக்கு முந்திய நிலையை எட்டவில்லை.

இதனைக் கூறுவது ஜப்பானியரின் முயற்சியைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. மக்கள் திரும்பி வந்தனர் என்பது உண்மை. ஏன் வந்தனர் என்பதே கேள்வி. அதற்கான விடையைத் தவறாகப் படித்தால் வந்தவர்களும் போய்விடுவர்.

2020 பெப்ரவரியில் முதற்சுற்றோடு போட்டிகள் நின்றன. ஜூலையில் முதற்பிரிவு ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. சில நாட்களில் 5,000 பேர்வரை அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்குக் கைதட்ட மட்டுமே உரிமை இருந்தது. பாடுவதும் முழங்குவதும் தடைசெய்யப்பட்டன. 2021 இல் முதற்பிரிவுச் சராசரி 7 ஆயிரத்துக்கும் குறைவு. 2022 மார்ச்சின் பின்னர் ஆசனக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன. ஆயினும் அவ்வாண்டுச் சராசரி 14 ஆயிரத்தளவில் நின்றுவிட்டது. தடையை மீறி இரசிகர்கள் குரல் எழுப்பியமைக்காக உராவா ரெட்ஸ் கழகத்திற்கு 2022 ஜூலையில் 2 கோடி யென் அபராதம் விதிக்கப்பட்டது. 2023 இல் குரலுக்கு இருந்த தடை நீங்கியது. சராசரி 19 ஆயிரத்தளவுக்கு ஏறியது.

நோயச்சம் குறைந்ததும் இதற்குக் காரணமே, மறுக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தும் மக்கள் தயங்கி நின்ற ஓர் ஆண்டு நமக்கு ஒன்றைச் சொல்கிறது. ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் திரை இருக்கிறது. அரங்குக்கு வருபவன் கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுக்கவே வருகிறான்.

அடுத்த சான்று ஹிரோஷிமா. அந்நகரின் சான்பிரெச்சே கழகம் நீண்டகாலமாக நகருக்கு வெளியே மலைப்பாங்கான புறநகரில், ஓடுபாதை சூழ்ந்த பெரிய அரங்கொன்றில் ஆடியது. நகர நடுவில் அரங்கு வேண்டுமென்று இரசிகர்கள் ஆண்டுக்கணக்காகக் கோரினர். 2024 பெப்ரவரியில் சுமார் 28,500 ஆசனங்களுடன் புதிய அரங்கு நகர மத்தியில் திறக்கப்பட்டது. முந்திய ஆண்டில் 16 ஆயிரத்தளவாக இருந்த சராசரி 25 ஆயிரத்தைத் தாண்டியது. நகரமும் மாறவில்லை, கழகமும் மாறவில்லை. அரங்கு மக்களிடம் வந்தது. மக்கள் அரங்குக்கு வந்தனர்.

இதற்கு மாறாக லீக் எதைக் காட்சிப்படுத்துகிறது? டோக்கியோ தேசிய அரங்கை. 2023 மே மாதத்தில் இபராக்கி மாவட்டத்துக் கழகமான கஷிமா, தன் ஊர்ப் போட்டியொன்றை அங்கு கொண்டுசென்று ஆடியது. 56,020 பேர் வந்தனர். இத்தகைய போட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் இலவச அழைப்புகள் வழங்கப்படுகின்றன. வருகைத் தொகையில் பணம் கொடுத்தவரும் அழைப்பில் வந்தவரும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர்.

இலவசச் சீட்டு பாவமென்று நான் கூறவில்லை. நீகாட்டா கழகம் 2000 களின் தொடக்கத்தில் அயலவர் சங்கங்களின் ஊடாக இலவசச் சீட்டுகளைப் பகிர்ந்தே தன் அரங்கை நிரப்பியது. 2005 இல் அதன் சராசரி 40 ஆயிரத்தைத் தொட்டது. ஆனால் அச்சீட்டு அவ்வூர் மக்களை அவ்வூர் அரங்குக்கே அழைத்தது. தலைநகரில் ஒருநாள் காட்சிக்கு வருபவன் அடுத்த வாரம் கஷிமாவுக்குப் பயணப்படுவானா?

புதுமைக் கவர்ச்சி எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதை ஜே லீக் அனுபவத்திலேயே கண்டது. 1994 இல் 19 ஆயிரத்தைத் தாண்டியிருந்த சராசரி, 1997 இல் 10 ஆயிரத்தளவுக்கு வீழ்ந்தது. 1998 இன் முடிவில் யோகொஹாமா ஃபிளூகல்ஸ் கழகம், அதே நகரின் மரினோஸ் கழகத்துடன் இணைக்கப்பட்டு மறைந்தது. அதற்கு உடன்படாத இரசிகர்களே யோகொஹாமா எஃப்சி என்ற புதிய கழகத்தை உருவாக்கினர். முதலாளிகள் கைவிட்டதை ஊரவர்கள் கைவிடவில்லை.

இந்த வரலாற்றை அறிந்திருந்தும், பருவகாலத்தை ஆகஸ்ட் முதல் மே வரையென 2026 இலிருந்து மாற்றுவதற்கு 2023 டிசம்பரில் முடிவு செய்தனர். ஐரோப்பிய நாட்காட்டியோடு ஒத்துப்போவது வீரர் விற்பனைக்கு உதவும். கோடை வெப்பத்தையும் தவிர்க்கலாம். நியாயமான காரணங்களே. டிசம்பர் நடுப்பகுதி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை இடைவேளையும் உண்டு. ஆயினும் பனி கொட்டும் நிலத்துக் கழகமான நீகாட்டா மட்டுமே வெளிப்படையாக எதிர்த்தது. அந்தத் தனிக்குரலைச் சிறுபான்மை வாக்கென ஒதுக்குவது எளிது. ஆனால் அக்குரலுக்குப் பின்னால் இருப்பது, ஒரு காலத்தில் போட்டிக்குச் சராசரியாக 40 ஆயிரம் பேரைத் திரட்டிய ஊர்.

ஜே லீக்கிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டு. பணம் கொடுத்து வந்தோரையும் அழைப்பில் வந்தோரையும் பிரித்து அறிவிக்கட்டும். புதிய பருவகாலத்தின் வெற்றியை டோக்கியோவின் கூட்டத்தைக் கொண்டன்றி, பனி நிலத்து அரங்குகளின் கூட்டத்தைக் கொண்டு அளக்கட்டும். அதுவரை சாதனை என்ற சொல்லை அவர்கள் சிக்கனமாகப் பயன்படுத்துவது நல்லது.