கம்ப்யூட்டர் படிப்பில் பாதுகாப்புப் பாடம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இடம் தேடும் நம் உறுப்பினர்கள் பலர், 'சைபர் செக்யூரிட்டி' என்று பெயர் போட்ட பிரிவே வேண்டும் என்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது, குத்தூசி போடாமல் மூட்டை எடுப்பதற்குச் சமம்.

2017 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். உக்ரைன் வியாபாரிகள் வரிக்கணக்குக்கு வைத்திருந்த எம்.இ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற நாசகாரப் புரோகிராம் புகுந்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் முடங்கின. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை தடைப்பட்டது. தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற்றும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்.சி. தேதி தவறினால் பேங்க் காத்திருக்குமா? நெட்வொர்க்கை மீட்கத் தேவையான தகவலின் நகல் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டுமே தப்பியிருந்ததாம். காரணம், அந்நேரம் அங்கே கரண்ட் இல்லை! மின்வெட்டைத் திட்டும் நாம் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்டதைத் தடுக்கவும் மீட்கவும் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் மூன்றும் கைவசம் வேண்டும். பூட்டின் உள்வேலை தெரியாதவன் பூட்டைச் சரிசெய்ய முடியாது. ஆகவே முதலில் அடிப்படை, பிறகு அதே பட்டப்படிப்புக்குள் பாதுகாப்புப் பாடம் என்பதே என் கருத்து. தனிப் பிரிவானாலும் அடிப்படையைக் குறைக்கவில்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

கட்டணம் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அழிந்த கணக்கை பேக்கப்பிலிருந்து மீட்க லேபில் பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். படிக்கும் பிள்ளை லீவில் வரும்போது, நம் கடை பில்லிங் கணக்கின் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.