சாமை போனால் வயிற்றிலிருந்து எது போகும்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், 'டாக்டர், அங்கே நல்ல மூலிகை என்ன கிடைக்கும்?' என்று என்னைக் கேட்காமல் போவதில்லை. மூலிகை கிடக்கட்டும், சாமை கிடைத்தால் ரெண்டு படி வாங்கி வாருங்கள் என்பேன். ஏன் என்று சொல்ல, எலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது!

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை நமக்கு என்ன செய்கின்றன? அவை இல்லாத உடம்பு ஒன்றைப் பார்த்தால்தானே தெரியும்! அதற்காகவே கிருமியே இல்லாத சுண்டெலிகளை வளர்க்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாரம், வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீனி. 2004-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜெஃப்ரி கார்டன் குழுவினர், இப்படி வளர்ந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் உடம்புக் கொழுப்பு சுமார் 60 சதவிகிதம் கூடிவிட்டது. இத்தனைக்கும் அவை முன்பைவிடக் குறைவாகத்தான் தின்றன!

இந்த எலிகளை வளர்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. அதனால் பலர் சாதாரண எலிக்கே நாலு ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, குடலைக் காலி செய்து ஆராய்கிறார்கள். மலிவுதான். ஆனால் பாக்டீரியா முழுசாகப் போகாது. பார்க்கிற மாற்றம் பாக்டீரியா குறைந்ததாலா, மருந்தே உடம்பில் செய்த வேலையாலா என்ற குழப்பமும் வரும். கிருமியில்லா எலியிலும் குறை உண்டு. பிறந்ததிலிருந்தே கிருமி வாசனை படாததால் அதன் நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக வளர்வதில்லை. அதனால்தான் சொல்கிறேன்... எலிக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று யாராவது பவுடரோ பானமோ விற்க வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். 'சித்தர்கள் இதை அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று மேடையில் முழங்கும் எங்கள் துறைக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சித்தர்கள் பத்தியம் சொன்னார்கள், பாக்டீரியா சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு எலிச் சோதனையை என்னால் ஒதுக்க முடியவில்லை. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்தது. கிருமியில்லா எலிகளுக்கு மனிதக் குடலின் பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். பிறகு நார்ச்சத்து குறைந்த தீனி. பல வகை பாக்டீரியாக்கள் சுருங்கின. மறுபடி நார்ச்சத்து கொடுத்ததும் அநேகம் திரும்பின, எல்லாம் திரும்பவில்லை. அதே குறைந்த தீனியிலேயே குட்டி, பேரன், கொள்ளுப்பேரன் என்று வளர்த்தார்கள். நாலாவது தலைமுறையில் பெரும்பகுதி வகைகளைக் காணோம்! அப்போது நார்ச்சத்தைக் கொட்டிக் கொடுத்தும் வரவில்லை. காணாமல் போன பாக்டீரியாவையே வெளியிலிருந்து குடியேற்ற வேண்டியிருந்தது.

இப்போது கொல்லிமலைக்கு வாருங்கள். வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, செந்தினை, கேழ்வரகு என்று விளைந்த சரிவுகளில் மரவள்ளிக் கிழங்கு ஏறிவிட்டது. கிழங்கு அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது; கையில் காசு வருகிறது. தட்டில் ரேஷன் அரிசி. அந்த மக்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஒரு வேளைச் சாமைக்காகப் பெண்கள் உரலில் குத்திப் புடைத்த பாடு கொஞ்சமா? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்து, விதைகளைச் சேமித்து, மகளிர் குழுக்களுக்குச் சிறிய அரவை இயந்திரங்களும் கிடைக்கச் செய்தது. நூறு மேடைப் பேச்சைவிட அந்த இயந்திரம் பெரிசு என்பேன்.

மலையில் இன்று நடக்கிற மாற்றம் சமவெளியில் நம் வீடுகளில் என்றோ முடிந்துபோனது. பாட்டி தின்ற கம்பும் வரகும் அம்மாவுக்குப் பாதி, உங்களுக்குக் கால், உங்கள் பிள்ளைக்குப் பாக்கெட் நூடுல்ஸ். மூணு தலைமுறை ஆயிற்றா? எலியைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம், எச்சரிக்கையாக எடுக்கலாமே!

மனிதரிடம் பார்த்த சான்றும் உண்டு, அதுவும் நம் ஊரில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு. காலரா நோயாளிகள் 48 பேரில் ஒரு பகுதியினருக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசலோடு சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்கு உணவாகும். அவை உண்டாக்கும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்க உதவும். அவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது.

இப்படி நமக்கு உழைக்கிறவர்களைத்தான், குழந்தைக்கு ரெண்டு தடவை வயிறு போனதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கால் அடித்துத் துரத்துகிறோம். டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் அந்த மருந்து உயிர் காக்கும். டாக்டர் எழுதினால் முழு நாளும் கொடுங்கள், சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். சாதாரணப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும் கொடுங்கள். மலத்தில் ரத்தமோ, கடும் காய்ச்சலோ, துவண்டு போவதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சாமை வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதை எடுக்காதீர்கள். தவிடு போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பழுப்பாக இருக்கட்டும். பழக்கமில்லாத வயிறு முதலில் உப்பும்; வாரம் ரெண்டு வேளையில் தொடங்குங்கள். சர்க்கரைக்காரர்கள், சாமைதானே என்று தட்டு நிறையப் போட்டுக்கொள்ள வேண்டாம். கூட ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் இருக்கட்டும்.