ஆதரவுக் கடிதத்தில் இல்லாத கோரிக்கை

“மைனாரிட்டி அரசு என்றால் சிறுபான்மையினரின் அரசா?” திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில் இளைஞர்களோடு தேர்தல் அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் சிரித்துக் கடக்கத்தக்க கேள்வியன்று அது.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வென்றவை 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸ் (34), பா.ம.க. (18), மார்க்சிஸ்ட் (9), இந்தியக் கம்யூனிஸ்ட் (6) ஆகிய கட்சிகள் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தன. ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று ஜெயலலிதா ஓயாமல் இடித்துரைத்தார், அரசு கவிழவில்லை. 2008இல் பா.ம.க.வும் இடதுசாரிகளும் அணியிலிருந்து விலகிய பிறகும் காங்கிரஸ் கைவிடவில்லை. மன்மோகன் சிங் அரசுக்குத் தி.மு.க.வின் மக்களவை உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். சென்னையின் கணக்கு தில்லியில் நேர்செய்யப்பட்டது.

அந்தக் கணக்கில் எவரும் எண்ணாத எண் ஒன்று உண்டு. அன்றைய பேரவையில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் 42. காங்கிரசின் பலத்தைவிட எட்டு மிகுதி. (இன்று 44. திண்டிவனமும் 2011 முதல் அவற்றுள் ஒன்று.) ஆயினும் பேரத்தில் அந்த 42 பேர் ஒரு தரப்பாக இல்லை. இருக்கவும் சட்டம் இடம் தரவில்லை. 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரும். இதன் வேர் இன்னும் ஆழமானது. 1932 பூனா ஒப்பந்தத்தால் இடங்கள் பெருகின. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. அதன்பின் வேட்பாளரைத் தேர்வது கட்சி. வெற்றியை முடிவு செய்வது பெரும்பாலும் பிற சாதியினரின் வாக்கு. தனித்தொகுதி உறுப்பினர்களை ‘அடிமைகள்’ என்று ஏசும் நம் தோழர்கள் இந்தப் பூட்டையும் பார்க்க வேண்டும்.

பூட்டுக்குள்ளேயும் சில நடந்தன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. மார்க்சிஸ்ட் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் அங்கு வருவதற்கு முந்தைய நாள் அது! ஆதரவளித்த கட்சியிடம் இருந்தவை ஒன்பதே இடங்கள். களத்தில் போராட்டமும் கையில் தெளிவான கோரிக்கையும் இருந்தன. இடிந்தது சுவரின் ஒரு பகுதிதான் என்பதையும் நாம் மறக்கவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின், அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அதே ஆட்சிக்காலத்தில், 2009இல், சட்டமானது.

கொறடா கட்டுப்படுத்துவது பேரவை வாக்கை. பஞ்சமி நில மீட்பு குறித்தோ, துணைத் திட்ட நிதி குறித்தோ, தனித்தொகுதி உறுப்பினர்கள் கூட்டாகக் கையொப்பமிட்டு மனு அளிப்பதை எந்த அட்டவணையும் தடுக்கவில்லை. ஆளுநரிடம் ஆதரவுக் கடிதம் போகும் முன்பே அந்த மனு வெளியானால் பேரத்தின் மேசையில் நம் பெயரும் இருக்கும்.

மனுவின் முதல் படியைத் திண்டிவனம் உறுப்பினரிடம் கொடுக்கலாம் என்றார் அந்த மாணவர். வேட்பாளராக வரும்போதே கொடுங்கள் என்றோம்.