ஆடில்லாத மேய்ப்பர்கள்

கிறிஸ்தவ மதத்தில் பிஷப்பு என்னும் உத்தியோகத்திற்கு மேய்ப்பர் என்று ஒரு பெயர் உண்டு. கத்தோலிக்கர் அவரை மேற்றிராணியார் என்பார்கள். புராட்டஸ்டெண்டுகள் அத்தியட்சர் என்பார்கள். எப்பெயரிட்டு அழைத்தாலும் அவர் கையில் தலை வளைந்த கோல் ஒன்று இருக்கும். அது இடையன் கோலுக்கு அடையாளமாம். அதாவது ஜனங்கள் ஆடுகள், பிஷப்பு இடையன் என்பது தாத்பரியம். இடையன் ஆடு வளர்ப்பது ஆட்டின் க்ஷேமத்தை முன்னிட்டா, உரோமத்தையும் மாமிசத்தையும் முன்னிட்டா என்பதை நமது கிராமத்துத் தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நம் ஊர் இடையனைப்பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் மழையானாலும் பனியானாலும் ஆட்டுடன் கிடை கிடக்கின்றான். ஆடுகளை ஒரு நாளும் கண்ணால் பாராமலும், கடைசியில் ஆடுகளே இல்லாமல் போன பின்னும், இடையன் என்ற பட்டத்தை மாத்திரம் விடாமல் வைத்துக்கொண்டிருந்தவர்களின் சரித்திரம் ஒன்று இருக்கின்றது. அதைப்பற்றியே இன்று எழுதப்புகுகின்றோம்.

பூமிப்படத்தில் வடக்கே உச்சியில் கிரீன்லாந்து என்னும் பெரிய தீவு ஒன்றைக் காணலாம். பச்சை நாடு என்று அப்பெயருக்கு அர்த்தம். உண்மையில் பெரும் பாகம் பனிக்கட்டியே. ஏறக்குறைய 985-ம் வருஷத்தில் ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட எரிக் என்பவன் அங்கே ஜனங்களைக் குடியேற்றினான். பெயர் நன்றாயிருந்தால்தான் ஜனங்கள் வருவார்கள் என்று அவனே அப்பெயரை வைத்ததாகச் சொல்லுவார்கள். சுமார் 1000-ம் வருஷத்தில் அவன் மகன் காலத்தில் கிறிஸ்தவ மதம் அங்கே வந்தது. எரிக் அதற்கு இணங்கவில்லை. அவன் மனைவி மட்டும் மதம் மாறி, ஒரு சிறு கோவிலும் கட்டிக்கொண்டு, மதம் மாறாத புருஷனோடு வாழமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகப் பழங்கதை கூறுகின்றது. மோட்சத்திற்கு வழி காட்ட வந்த மதம் முதலில் வீட்டுக்குள் தகராறுக்கு வழி காட்டிற்று.

அந்தக் குடியேற்றத்தில் மொத்தம் இரண்டாயிரம் மூவாயிரம் பேருக்கு மேல் ஒருகாலும் இருந்ததில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிடுகின்றார்கள். நம் நாட்டில் ஒரு நடுத்தரக் கிராமத்தின் ஜனத்தொகை அவ்வளவுதான். மாடும் ஆடும் வளர்த்து, கடல்நாய் என்னும் சீலை வேட்டையாடித் தின்று, குளிர்காலம் முழுதும் மண் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்து காலம் தள்ளியவர்கள் அவர்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்குத் தங்களுக்கென்று தனியாக ஒரு பிஷப்பு இல்லையே என்று பெரிய குறை உண்டாயிற்று. ஐஸ்லாந்துக்காரனுக்கு இருக்கும்போது நமக்கு இல்லாவிட்டால் மதிப்பு என்னாவது? ஆகவே ஐனார் என்னும் ஒரு பிரபுவின் மகனை நார்வே ராஜாவிடம் தூது அனுப்பினார்கள். வால்ரஸ் என்று ஒரு கடல் மிருகம். யானையைப்போல் அதற்கும் இரண்டு தந்தம் உண்டு. அத்தந்தங்களையும், தோல்களையும், உயிருள்ள ஒரு வெள்ளைக் கரடியையும் காணிக்கையாகக் கொண்டு போனார்கள். ராஜா கரடியைப் பெற்றுக்கொண்டு பிஷப்பைக் கொடுத்தார். 1124-ம் வருஷத்தில் ஆர்னால்டு என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. 1126-ல் அவர் கார்டார் என்னும் ஊரில் வந்து இறங்கினார். பிஷப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் ஜனங்களே என்பதை இங்கே மறைக்க நாம் விரும்பவில்லை. நுகத்தடியை மாட்டுக்காரன் மாட்டுவது உண்டு. மாடே தேடிப்போய்க் கழுத்தைக் கொடுப்பதும் உண்டு.

வந்த பிஷப்பு செய்த முதல் பெரிய காரியம் என்ன? பழைய ஐஸ்லாந்து நூல் ஒன்று அதை ஒளிவு மறைவின்றிச் சொல்லுகின்றது. நார்வேயிலிருந்து வந்த ஒரு கப்பல் கரை ஒதுங்கி, அதிலிருந்தவர்கள் எல்லாம் மாண்டு போனார்கள். சில வருஷங்கள் கழித்து வேட்டைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சரக்குகளைக் கண்டெடுத்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கப்பல் மட்டும் செத்தவர்களின் ஆத்ம சாந்திக்காகக் கோவிலுக்கு, அதாவது பிஷப்புக்கு, போய்ச்சேர்ந்தது. பிறகு செத்தவனின் மருமகன் ஓசூர் என்பவன் நார்வேயிலிருந்து வந்து சொத்தைக் கேட்டான். கோவிலுக்குப் போனது திரும்பாது என்றார்கள். அவன் ஆத்திரத்தில் கப்பலை வெட்டிச் சேதப்படுத்திவிட்டான். உடனே பிஷப்பு, பிஷப்பைத் தருவித்த அந்த ஐனாரைக் கூப்பிட்டு, கோவில் சொத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுச் சும்மா இருக்கின்றாயே என்று இடித்துரைத்தார். ஐனார் கோடரியை எடுத்துக்கொண்டு போய் ஓசூரைத் தீர்த்துவிட்டான். பிறகு ஓசூருடைய ஆட்கள் சமாதானம் பேச வந்த இடத்தில் ஐனாரையும் தீர்த்தார்கள். பகைவனை நேசி என்று போதிக்கும் மதத்தின் அதிகாரிக்குக் கப்பல் பலகை இரண்டு மனித உயிர்களைவிட விலை உயர்ந்ததாகப் போயிற்று.

நிற்க, அந்தக் கார்டாரில் எழும்பிய வைபவத்தைப் பார்ப்போம். செம்மணற்கல்லால் பெரிய தேவாலயம், சன்னல்களுக்குக் கண்ணாடி, வெண்கல மணி. பக்கத்தில் நூறு மாடுகள் வரை கட்டக்கூடிய கொட்டகை. அத்தீவில் அதைவிடப் பெரிய கொட்டகை எவனுக்கும் கிடையாது. சாதாரணக் குடியானவனுக்கோ நாலைந்து மாடு இருந்தால் பெரிது. நல்ல மேய்ச்சல் நிலங்களில் பெரும் பகுதி நாளடைவில் கோவில் சொத்தாயிற்று. 1926-ல் அவ்விடத்தைத் தோண்டியபோது மோதிரத்துடனும் தந்தத்தால் செய்த கோல் தலையுடனும் ஒரு பிஷப்பின் எலும்புக்கூடு கிடைத்தது. அன்றியும் கோவிலிலும் அதைச் சுற்றிலும் வால்ரஸ் மண்டை ஓடுகள் புதைக்கப்பட்டிருந்தன. ஒரே கடவுளை வணங்குகின்றவர்கள் வால்ரஸ் தலையைக் கோவிலில் புதைப்பானேன்? வேட்டை நன்றாகக் கிடைக்க வேண்டும் என்ற பழைய பயம் ஞானஸ்நானத்தில் கழுவுப்பட்டுப் போகவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இனி வசூல் விஷயத்திற்கு வருவோம். 1274-ல் போப்பு கூட்டிய மகாசபையில் சிலுவை யுத்தத்திற்காக ஆறு வருஷத்திற்குக் கிறிஸ்தவ உலகம் முழுவதும் பத்தில் ஒரு பங்கு வசூலிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எருசலேமில் நடக்கும் சண்டைக்குக் கிரீன்லாந்தில் கடல்நாய் பிடிக்கின்றவன் பணம் கட்ட வேண்டும்! அவனிடத்தில் பணம் ஏது? நார்வேயின் தலைமைப் பிஷப்பு, அங்கே போய்வர ஐந்து வருஷம் பிடிக்கும், நான் நேரில் போக முடியாது என்று போப்புக்கு எழுதினார். போப்பு 1276-ல், நீர் போகவேண்டாம், யோக்கியமான ஆட்களை அனுப்பி வசூலித்தால் போதும் என்று உத்தரவு கொடுத்தார். ஜனங்களின் ஆத்துமாவைப் பார்க்கப் போக முடியாத தூரம் பணத்தை வாங்கி வர மட்டும் எப்படியோ கிட்டத்தில் வந்துவிட்டது. வசூலும் ஆயிற்று. வந்தவை மாட்டுத்தோல், கடல்நாய்த்தோல், வால்ரஸ் தந்தம், வால்ரஸ் தோலில் திரித்த கயிறு. இவைகளுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை என்று முறையிட்டபோது, 1282-ல் அடுத்த போப்பு ஒருவர், அவற்றை விற்றுப் பொன்னும் வெள்ளியுமாக்கி அனுப்பும்படி கட்டளையிட்டார். 1327-லும் அத்தீவிலிருந்து வந்த வரித் தந்தங்கள் பிளாண்டர்ஸ் தேசத்து வியாபாரி ஒருவனுக்கு விற்கப்பட்ட கணக்கு இருக்கின்றது. உயிரைப் பணயம் வைத்து வடகோடிக் கடலில் அம்மிருகத்தைக் கொன்றவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

1349-ல் கொள்ளை நோய் வந்து நார்வேயே பாதி அழிந்தது. கப்பல் வருவது குறைந்தது. குளிரும் வருஷத்துக்கு வருஷம் கடுமையாயிற்று. ஐரோப்பாவில் வால்ரஸ் தந்தத்திற்கு மவுசும் போயிற்று. அக்குடியேற்றம் அழிந்ததற்குப் பாதிரிமார்கள்தான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அறிவுக்குப் பொருந்தாது. நாம் கேட்பதெல்லாம், மந்தைக்கு ஆபத்து வந்த காலத்தில் மேய்ப்பர் எங்கே இருந்தார் என்பதுதான். சுமார் 1348 முதல் இருபது வருஷம் கார்டாருக்கு நேரில் வந்திருந்த பிஷப்பு ஒருவரும் இல்லை. 1341-ல் அனுப்பப்பட்ட ஈவார் என்னும் பாதிரி ஒருவர் கோவில் சொத்துக்களைக் காரியஸ்தராயிருந்து பார்த்து வந்தார். மேற்குக் குடியேற்றத்துக்கு அவர் போய்ப் பார்த்தபோது கிறிஸ்தவனும் இல்லை, அஞ்ஞானியும் இல்லை. தறிகெட்டுத் திரிந்த மாடும் ஆடுமே இருந்தனவாம். கடைசியாக ஆல்பு என்று ஒரு பிஷப்பு வந்து, 1378-ல் அங்கேயே இறந்தார். அவர் செத்த செய்தி நார்வேக்கு எட்டவே ஐந்து வருஷம் ஆயிற்று. அவரையாவது குறை சொல்லக் கூடாது. மந்தையோடு இருந்து மாண்டார்.

அவருக்குப்பின் ஒரு பிஷப்பும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. ஆனால் பிஷப்பு இல்லாமற் போனாரா என்றால் அதுதான் இல்லை! கார்டார் பிஷப்பு என்ற பட்டம் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வழங்கப்பட்டுக்கொண்டே வந்தது. ஹென்றி என்னும் கார்டார் பிஷப்பு 1394-ல் ஓர்க்னித் தீவின் பிஷப்போடு தன் ஸ்தானத்தைப் பரிவர்த்தனை செய்துகொண்டார். நம் ஊரில் வெளியூர் மிராசுதார்கள் தாங்கள் ஒரு நாளும் மிதித்தறியாத நஞ்சையைக் காகிதத்தின்மேல் மாற்றிக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மேய்ப்பர் இல்லாவிட்டாலும் மதத்தின் கொடுமை மட்டும் அங்கே குறையவில்லை. 1407-ல் கொல்கிரிம் என்பவன், மந்திரத்தால் ஒருவன் மனைவியை மயக்கினான் என்று குற்றம் சாட்டப்பட்டு உயிரோடு கொளுத்தப்பட்டான். சோறு இல்லை, கப்பல் இல்லை. மரமே அருமையான அந்நாட்டில் மனிதனைக் கொளுத்த மட்டும் விறகு கிடைத்தது. மறு வருஷம் 1408 செப்டம்பரில் வால்சே என்னுமிடத்துக் கோவிலில் ஒரு கலியாணம் நடந்தது. அந்தக் கோவில் சுவர் இன்றும் நிற்கின்றது. அக்கலியாணத்தைப் பற்றிய பத்திரமே அந்த ஜனங்களைக் குறித்த கடைசி எழுத்து. அதன்பின் அவர்கள் குரல் உலகத்தின் காதில் விழவேயில்லை.

எண்பது வருஷம் கழித்துப் போப்புக்கு ஞாபகம் வந்தது. கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492-ஐ ஒட்டி ஆறாம் அலெக்சாண்டர் என்னும் போப்பு எழுதிய கடிதம் இருக்கின்றது. எண்பது வருஷமாக அங்கே கப்பல் போகவில்லை. பிஷப்பும் பாதிரியும் இல்லை. பலர் ஞானஸ்நானத்தையே மறந்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்குமுன் கடைசிப் பாதிரி பூசை செய்த ஒரு துணியை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் காட்டிக் கும்பிடுகின்றார்கள் என்பது அதன் சாரம். ஆகையால் மத்தியாஸ் என்ற சந்நியாசிக்குப் பிஷப்பு பட்டம் கொடுத்து, அவர் ஏழையானதால் பத்திரக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்களாம். அவர் போனதாக ஒரு சாட்சியமும் இல்லை. போயிருந்தாலும் கண்டிருக்கக்கூடியது பாழடைந்த சுவர்களாகத்தான் இருக்கும். இவருக்குப் பின்னும் 1530-ஐத் தாண்டி, நார்வேயில் புராட்டஸ்டெண்டு மதம் வரும்வரை அந்தப் பட்டத்துக்கு ஆள் இருந்தது.

இவ்வளவு காலத்திலும் அதே தீவில், அதே குளிரில், இன்யூட் என்னும் எஸ்கிமோ ஜனங்கள் வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்குப் போப்பும் இல்லை, பத்தில் ஒரு பங்கும் இல்லை. தோல் படகும் எறியீட்டியும் வைத்துக்கொண்டு கடலை நம்பிப் பிழைத்தார்கள். அங்ககோக் என்னும் மந்திரவாதிகள் அவர்களுக்கும் உண்டு. ஆகவே அவர்களைப் பகுத்தறிவு நிறைந்தவர்கள் என்று நாம் தூக்கிப் பேசவில்லை. ஆனால் அந்த மந்திரவாதி அவர்களோடு கூடவே வேட்டைக்குப் போனவன்.

1721-ல் ஹான்ஸ் எகேடே என்னும் நார்வே பாதிரி, பழைய குடியேற்றத்தார் இன்னும் இருப்பார்கள், அவர்களைப் போப்பு மதத்திலிருந்து மீட்டுத் தன் மதத்தில் சேர்க்கலாம் என்று மனைவி மக்களுடன் போனார். மீட்பதற்கு ஒருவரும் இல்லை. எனவே இன்யூட் ஜனங்களை மாற்றத் தொடங்கினார். அவரை அனுப்பிய டென்மார்க்கு ராஜா நாலாம் பிரெடரிக், நமக்கும் தெரிந்தவர்தான். 1706-ல் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பியவர் அவரே. 1714-ல் கோப்பன்ஹேகனில் ஏற்பட்ட மிஷன் சபை ஒன்றே தரங்கம்பாடியையும் கிரீன்லாந்தையும் சேர்த்து மேற்பார்த்தது. தேங்காய் காய்க்கும் கரைக்கும் பனிக்கட்டி மிதக்கும் கரைக்கும் ஒரே ஆபீசில் பேரேடு. இவர்கள் அந்தந்த ஜனங்களின் பாஷையைக் கற்று அச்சிலேற்றினார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. சீகன்பால்கு தமிழுக்குச் செய்ததைப்போல எகேடேயின் மகன் 1766-ல் புதிய ஏற்பாட்டை அவர்கள் பாஷையில் வெளியிட்டார். ஆனால் 1733-ல் டென்மார்க்கிலிருந்து திரும்பிய கப்பலில் அம்மை நோயும் இறங்கி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. எகேடேயும் அவர் மனைவியும் நோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். 1735-ல் அவ்வம்மாள் இறந்தார். அந்த அம்மாளுக்கு எந்தப் பட்டமும் கிடையாது.

கிரீன்லாந்து 1993-ல்தான் மறுபடியும் தனி அத்தியட்சாதீனமாயிற்று. ஆல்பு பிஷப்பு இறந்து அறுநூறு வருஷத்திற்கு மேலாகி! 1995-ல் அதன் பிஷப்பாக வந்தவர் சோபி பீட்டர்சன் என்னும் இன்யூட் பெண்மணி. டென்மார்க்கு சபையிலேயே அவர் இரண்டாவது பெண் பிஷப்பு. அவருக்குப்பின் 2020-ல் அந்த ஸ்தானத்துக்கு வந்தவரும் அந்நாட்டுப் பெண்ணே. மதம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. இருக்கின்றவரையில் ஆளுகின்ற உத்தியோகத்தில் அவ்வூராரே, அதிலும் பெண்ணே, இருப்பது நமக்குச் சந்தோஷமே. பெண்ணைக் குருவாக்க வேதம் இடங்கொடாது என்று இன்றும் சாதிக்கும் ரோமாபுரியார் இதைக் கொஞ்சம் எட்டிப்பார்க்கட்டும்.

ரோமாபுரியார் கார்டாரை இன்னும் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம். மந்தையில்லாத பழைய ஊர்ப் பெயர்களைத் துணைப் பிஷப்புகளுக்குப் பட்டமாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். 2001-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தின் துணைப் பிஷப்பு ஒருவருக்குக் கார்டார் பிஷப்பு என்ற பட்டம் அளிக்கப்பட்டது. கார்டாருக்கு இப்பொழுது இகாலிக்கு என்று பெயர். 1780-களில் ஒரு குடியானவனும் அவன் இன்யூட் மனைவியும் அங்கே வந்து குடியேறி, தேவாலயத்தின் செம்மணற்கற்களைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் சந்ததியார் அங்கே ஆடு மேய்க்கின்றார்கள்.