ஸிம்லாவுக்குப் போகிறவர்களுக்கு

ஸிம்லா என்றதும் நம் நேயர்களில் பலருக்குப் பனியும், சின்ன ரயிலும், ஆப்பிள் பழமும் மனக்கண் முன் வந்து நிற்கும். அது பொய்யான சித்திரம் அல்ல. ஆயினும், அங்கே நாலு நாள் தங்கி வரப் புறப்படுகிறவர்களுக்கும், உத்தியோக மாற்றலாகிப் புதிதாகக் குடித்தனம் வைக்கப் போகிறவர்களுக்கும் வேறொரு விஷயத்தை முதலில் சொல்லிவிட விரும்புகிறோம். அந்த ஊரில் எல்லாம் கீழேயிருந்து மேலே ஏற்றப்பட்டாக வேண்டும். அரிசியும் ஏறுகிறது, அடுப்புக்குரிய காஸும் ஏறுகிறது, குடிக்கிற தண்ணீரும் ஏறித்தான் வருகிறது.

காரணம் எளிது. ஸிம்லா பள்ளத்தாக்கிலே அமைந்த ஊர் அல்ல. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மலையின் முதுகெலும்பின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். நகரின் நடுவே ‘ரிட்ஜ்’ என்னும் மைதானம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் விழும் மழைநீர் ஸட்லெஜ் வழியாக அரபிக் கடலை நோக்கிப் போகிறது. மறு பக்கத்தில் விழுவது யமுனை வழியாக வங்காள விரிகுடாவை நாடுகிறது. இரண்டு சமுத்திரங்களுக்குத் தண்ணீர் அனுப்பும் ஊருக்குச் சொந்தமாக ஒரு ஆறு கிடையாது!

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தலைநகரை ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். வெயில் தாங்காமல்தான். 1822-ல் கென்னடி என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே ஒரு வீடு கட்டினார். 1864-ல் லாரன்ஸ் பிரபு அதைக் கோடைத் தலைநகராக்கினார். அது முதல் ஆண்டுதோறும் வைஸ்ராயும், காரியதரிசிகளும், குமாஸ்தாக்களும், காகிதக் கட்டுகளும், பியானோ முதலிய சாமான்களும் மலை ஏறின. ஏறின என்று சொல்லுவது சரியல்ல, ஏற்றப்பட்டன. அக்கம்பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் தம் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து சுமை தூக்க வேண்டும் என்று ‘பேகார்’ என்னும் கட்டாய வேலை முறை ஒன்று அம்மலைகளில் இருந்தது. இதை எதிர்த்துப் போராடியவர் ஓர் அமெரிக்கர். ஸாமுவேல் ஸ்டோக்ஸ் என்று பெயர். பின்னால் ஹிந்து மதத்தைத் தழுவி ஸத்யானந்தர் ஆனார். கோட்கட் பகுதியில் 1916 வாக்கில் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டவரும் அவரே. ஒத்துழையாமை இயக்கத்தில் சிறையும் சென்றார். ஸிம்லாவில் ஆப்பிள் கடித்துச் சாப்பிடுகிறவர்கள் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். 1921-ல் ரீடிங் பிரபுவைக் காண வந்த காந்தியடிகள், அடித்தளத்து ஜனங்களின் குரல் எட்டாத ஐந்நூறாவது மாடியிலிருந்து நடக்கும் ராஜாங்கம் என்ற கருத்தில் இந்த ஊரைப் பற்றி எழுதினார்.

நல்லது, இனிப் பிரயாணம். கால்காவிலிருந்து போகும் சின்ன ரயில் 1903-ல் ஏற்பட்டது. 96 கிலோமீட்டர் தூரம். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். 800-க்கு மேற்பட்ட பாலங்கள். போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மோட்டாரில் சீக்கிரமாகப் போய்விடலாம். ஆனால் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் வண்டியில் போனால்தான், எவ்வளவு உயரத்துக்குப் போகிறோம் என்பது உடம்புக்கும் தெரியும். இந்த ரயில் பாதை 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது.

ஊருக்குள் வந்துவிட்டால் படிக்கட்டைப் போல் தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அடியில் வண்டிகள் ஓடும் கார்ட் ரோடு; நடுவில் லோயர் பஜார்; மேலே மால் ரோடு. கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு ஏற லிப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மால் ரோட்டில் இப்போது யாரும் உலாவலாம். அன்றைக்கு அங்கே வண்டியில் போகும் உரிமை வைஸ்ராய், சேனாதிபதி, பஞ்சாப் கவர்னர் ஆகிய மூவருக்கே உண்டு. மற்ற துரைமார்கள் மனிதர்கள் இழுக்கும் ரிக்ஷாவில் போனார்கள். லோயர் பஜாரில் நெருங்கி வாழ்ந்தவர்கள் நம் ஜனங்கள். இன்று மால் ரோடும் ரிட்ஜும் கூடும் முனையில் லாலா லஜபதி ராயின் சிலை நிற்கிறது. லாகூரில் இருந்த சிலை அது. தேசப் பிரிவினைக்குப் பின் இங்கே வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு கட்டடந்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், வைஸ்ராய் மாளிகையைப் பாருங்கள் என்போம். 1888-ல் முடிந்த அக்கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் எழும்பூர் ரயில் நிலையமும் அவருடைய கைவண்ணமே. 1945-ல் வேவல் பிரபு கூட்டிய மகாநாடு இங்கேதான் நடந்தது. ஆஸாதும் ஜின்னாவும் நம் ராஜாஜியும் வந்திருந்தார்கள். ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ராஷ்டிரபதியாய் இருந்தபோது, இவ்வளவு பெரிய மாளிகை தமக்கு எதற்கு என்று அதைக் கல்விக்குக் கொடுத்துவிட்டார். 1965 முதல் அங்கே உயர் ஆராய்ச்சிக் கழகம் நடைபெறுகிறது. வைஸ்ராய் விருந்து வைத்த இடத்தில் இப்போது புஸ்தகம் படிக்கிறார்கள். ஜாக்கு மலை ஆஞ்சநேயரையும் தரிசிக்கலாம். அங்குள்ள வானரங்கள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். எச்சரிக்கை!

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குடிநீரில் பெரும்பகுதி, வெகு தாழ்விலுள்ள குமா, கிரி ஆகிய இடங்களிலிருந்து இயந்திரங்களால் ஏற்றப்படுகிறது. சுமார் 25,000 பேருக்கென்று அமைந்ததாகச் சொல்லப்படும் ஊரில், 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி 1,69,578 பேர். கோடையில் வந்து போகிறவர்கள் தனி. 2018 மே மாதக் கடைசியில் ஊற்றுகள் வறண்டு, குழாய்களில் பல நாள் தண்ணீர் வரவில்லை. ஜனங்கள் இரவெல்லாம் குடத்துடன் காத்திருந்தார்கள். தயவுசெய்து வராதீர்கள் என்று பிரயாணிகளையே வேண்டிக்கொண்டார்கள். மந்திரிகளுக்கும் நீதிபதிகளுக்குங்கூட லாரியில் தனியாகத் தண்ணீர் அனுப்பக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவை நாம் மிகவும் ரசித்தோம். ஆனால் உத்தரவு எவ்வளவு நல்லதானாலும் குடத்தை நிரப்பாது. ஆகவே மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்து, அக்டோபரில் போவது உத்தமம். ஆகாயம் நிர்மலமாய், தூரத்துப் பனிமலைகள் நன்றாகத் தெரியும்.

குடித்தனம் வைக்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன், ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று கேளுங்கள். சில வீடுகளில் வாசல் மேல்மாடியில் இருக்கும். சமையலறைக்குக் கீழே இறங்க வேண்டும். வடக்குப் பார்த்த சரிவில் மாரிக்காலத்தில் வெயில் அரிது. குழாயிலேயே நீர் உறைந்துபோகும். வீடு நிற்கும் மண்ணையும் விசாரியுங்கள். 2023 ஆகஸ்ட் 14-ந் தேதி, ஸம்மர் ஹில்லில் மலை சரிந்து ஒரு சிவன் கோவிலை அடித்துக்கொண்டு போயிற்று. காலை பூஜைக்கு வந்திருந்தவர்களுமாக 20 பேர் மாண்டனர். அருகே ரயில் தண்டவாளம் அடியில் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கிற்று. இரண்டு மாடிக்குமேல் கட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் விதித்த தடையை 2024-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டம் எப்படியானாலும், தேவதாரு மரங்களை வெட்டிய சரிவில் ஐந்து மாடி வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நாம் குடிபோக மாட்டோம்.

பெட்டி படுக்கையுடன் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தோளில் கயிற்றுடன் சிலர் உங்களை அணுகுவார்கள். பெரும்பாலோர் காஷ்மீரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘கான்’ என்று ஊரார் அழைப்பது அவர்களைத்தான். பீரோவையும், ஐஸ் பெட்டியையும், காஸ் சிலிண்டரையும் முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுகிறவர்கள் அவர்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். உச்சியில் போய் நின்றுகொண்டு பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும். ஒரு தம்ளர் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.