சிரித்தது குற்றமா?

விளையாட்டுத் திடலிலே நிறமில்லை, குலமில்லை. வல்லவன் வெல்வான், மற்றவன் தோற்பான், அவ்வளவுதான் என்பார் உண்டு. கேட்கச் செவிக்கு இனிமை! ஆனால், திடலின் ஓரத்திலே பேனா பிடித்து அமர்ந்திருக்கிறாரே ஒருவர், அவருக்குமா நிறமில்லை? வென்றவர் யார் என்பதை நடுவர் அறிவிக்கிறார். அந்த வெற்றியை நாடு எந்தக் கண்கொண்டு காணவேண்டும் என்பதை ஏடுகள் அறிவிக்கின்றன. முன்னதைவிடப் பின்னதே நெடுநாள் நிலைக்கும் தீர்ப்பு!

அமெரிக்கக் குத்துச்சண்டை வரலாறு இதற்குச் சான்று பகரும்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு, டெக்சாஸ் மாநிலத்திலே 1878-ல் பிறந்தவர் ஜாக் ஜான்சன். அந்நாளில், மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்தை வைத்திருந்த வெள்ளையர்கள், அதற்காகக் கறுப்பருடன் மோத மறுத்து வந்தனர். 'நிறக்கோடு' என்று அதற்குப் பெயரும் சூட்டினர். அச்சத்துக்குக் கொள்கை எனும் முகமூடி! 1908 டிசம்பர் 26-ல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பெருந்தொகை பேசிய பிறகே டாமி பர்ன்ஸ் என்னும் வெள்ளை வீரர் களம் புகுந்தார். 14-ஆம் சுற்றில் காவல்துறையே குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்தவேண்டியதாயிற்று. ஜான்சன் வென்றார், வென்றவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை ஏடுகளுக்கு! 'நியூயார்க் ஹெரால்டு' ஏட்டுக்காக அச்சண்டையைக் கண்டெழுதியவர், புகழ்மிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். ஜான்சனின் திறமையை அவர் மறைக்கவில்லை. ஆயினும், ஓய்வுபெற்றுப் பண்ணையிலிருந்த ஜெஃப்ரீஸ் மீண்டும் வந்து, ஜான்சன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பை அகற்றவேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். தோழர்களே, ஜாக் லண்டன் யார்? சமதர்மம் பேசியவர்! உழைப்பாளிக்காக எழுதியவர்! ஊறிப்போன நிறவெறி, கொள்கை பேசும் பேனாவின் மையிலும் கலந்துவிடும் என்பதை மறவாதீர்.

ஏடுகள் ஊதின, நெருப்பு மூண்டது. 1910 ஜூலை 4-ல், நெவாடா மாநிலத்து ரீனோ நகரில், 'வெள்ளையரின் நம்பிக்கை' என ஏடுகள் ஏற்றிப்போற்றிய ஜெஃப்ரீஸ் 15-ஆம் சுற்றில் வீழ்ந்தார். அன்றிரவே பல நகரங்களில் கலவரம். மாண்டவர்களிலே பெரும்பாலோர் கறுப்பர். களத்திலே தோற்ற ஆத்திரத்தைத் தெருவிலே தீர்த்துக்கொண்டனர்!

அடுத்து என்ன செய்தனர்? கொலைவெறியைக் கண்டித்தனரா? சண்டையைக் காட்டும் படச்சுருளுக்குத் தடை கேட்டனர்! குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதே குற்றம் என 1912-ல் சட்டம் வந்தது. வெள்ளையர் தோற்கும் காட்சி கண்ணில் படலாகாது என்பதற்கு ஒரு சட்டம்! 1913-ல், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி, ஒழுக்கக்கேடான நோக்கத்துடன் ஒரு வெள்ளைப் பெண்ணை மாநிலம் கடந்து அழைத்துச் சென்றதாக ஜான்சனைக் குற்றவாளி ஆக்கிற்று. கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட குருவின் கதையறிந்த நமக்கு, இந்த நீதி புதியதன்று. 1946-ல் மறைந்த அவருக்கு 2018-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

1915-ல் ஜான்சன் பட்டமிழந்த பிறகு, 1937 வரை வேறொரு கறுப்பர் அப்பட்டத்தைத் தொடவில்லை. அந்த ஆண்டு தொட்டவர் ஜோ லூயிஸ். அவருக்கு அவருடைய மேலாளர்கள் வகுத்த விதி என்ன தெரியுமா? வீழ்ந்துகிடக்கும் வெள்ளை வீரரைக் கண்டு பூரிக்கலாகாது! குத்துவதற்கு உரிமை உண்டு, மகிழ்வதற்கு உரிமை இல்லை! ஏடுகளின் கண்ணுக்கு அஞ்சி, வென்றவர் தம் முகத்தையே பூட்டி வைக்கவேண்டியிருந்தது.

பின்னர் வந்த முகம்மது அலி பூட்டை உடைத்தார், உரக்கப் பேசினார். 1964-ல் அவர் ஏற்ற பெயரை அச்சிடவே பல ஏடுகள் மறுத்தன. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தபோது, நீதிமன்றம் தீர்ப்புரைக்கும் முன்பே குத்துச்சண்டை அமைப்புகள் 1967-ல் பட்டத்தைப் பறித்தன. 1971-ல் உச்சநீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. இழந்த ஆண்டுகளை எந்த ஏடு திருப்பித் தந்தது?

அது பழங்கதை என்பீரோ? ஐரோப்பாவின் நான்கு நாடுகளது முதன்மைக் கால்பந்துத் தொடர்களில் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை ஆராய்ந்த அறிக்கை 2020-ல் வெளிவந்தது. அறிவுத்திறனுக்கான பாராட்டு பெரிதும் வெளிர்நிற வீரருக்கு; வலிமைக்கும் வேகத்துக்குமான பாராட்டு பெரிதும் கருநிற வீரருக்கு! வசை இல்லை, வன்சொல் இல்லை, எல்லாம் புகழுரையே. ஆனால் அந்தப் புகழுரை, மூளையை ஒருவருக்கும் உடலை மற்றவருக்கும் பங்கிட்டுத் தந்துவிடுகிறது. வாரந்தோறும் கேட்டு வளரும் சிறுவன், நாளை பயிற்சியாளரைத் தேடும்போது யாரைத் தேர்ந்தெடுப்பான்?

ஆகவே தோழர்களே, விளையாட்டுப் பக்கத்தைப் பொழுதுபோக்கெனப் புரட்டித் தள்ளாதீர். தலையங்கத்தை ஐயத்தோடு படிப்பவர்கூட, ஆட்டச் செய்தியை அயர்ந்த நிலையில் படிக்கிறார். அயர்ந்த வேளையிலேதான் நஞ்சு உள்ளே இறங்கும். ஒருவர் வென்றால் 'உழைப்பு' என்றும் மற்றவர் வென்றால் 'பிறவி வலிமை' என்றும் எழுதப்படுகிறதா? ஒருவர் சினந்தால் 'வீரம்', மற்றவர் சினந்தால் 'திமிர்' என்றாகிறதா? சொல்லை நிறுத்துப் பாருங்கள். நமது ஏடுகளின் சொல்லையும் அதே தராசிலே வையுங்கள்.

வென்றவர் எவராயினும் வாய்விட்டுச் சிரிக்கட்டும். அதைக் கண்டு முகம் சுளிக்காத நாட்டிலேதான் நேர்மை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.